மந்திரப் பொறியின் மர்மம்

எலிப்பொறியை அறியாதவர் நம்மில் எவரும் இலர். ஒரு சிறு மரப்பெட்டி. உள்ளே கம்பியில் குத்திய மசால்வடைத் துண்டு. அந்தக் கம்பியோடு இணைந்த கதவு. எலி வடையை இழுத்ததும் கதவு படாரென்று விழுகிறது. இதில் மூன்று உறுப்புகள் உள்ளன: ஆசை காட்டும் இரை, பட்டவுடன் இயங்கும் விசை, அதன் பயனாக நிகழும் விளைவு. ஆனால் எலிப்பொறிக்கு ஆள் தெரியாது. எலி இழுத்தாலும், அணில் இழுத்தாலும், குழந்தையின் விரல் பட்டாலும் அது ஒன்றுபோலவே விழும்.

ஆள் பார்த்து விழும் பொறி ஒன்று இருந்தால்? அலிபாபா கதையில் வரும் குகைக் கதவை நினைத்துப் பாருங்கள். அதற்குப் பூட்டில்லை, சாவியில்லை. உரிய சொல்லைச் சொன்னவருக்குத் திறக்கும், மற்றவருக்குத் திறவாது. அலிபாபாவின் அண்ணன் காசிம் உள்ளே போகும்போது அந்தச் சொல் நினைவில் இருந்தது. பொன்னையும் மணியையும் கண்ட மயக்கத்தில், திரும்பும்போது அது மறந்துபோயிற்று. கதவு அவனை ஒன்றும் செய்யவில்லை. சும்மா மூடிக் கிடந்தது. அதுவே அவன் உயிருக்கு உலை வைத்தது. மந்திரப் பொறி என்பதும் இத்தகையதே. அது கம்பியாலும் கயிற்றாலும் ஆனதன்று, நிபந்தனையால் ஆனது.

இத்தகைய பொறிகளை விதிகளாலும் எண்களாலும் அமைத்து, அறிவால் அவற்றை வெல்லப் பழகும் மேசையாட்டம் ஒன்று உண்டு. அதைப் பற்றி இங்கே காண்போம்.

ஆட்டம் எப்படிப்பட்டது?

அமெரிக்க நாட்டைச் சேர்ந்த கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்னும் இருவர் உருவாக்கிய 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற ஆட்டம் 1974-ஆம் ஆண்டு வெளிவந்தது. நிலவறைகளும், நெருப்பைக் கக்கும் பறக்கும் நாகங்களும் என்பது அப்பெயரின் பொருள். அதன் பின்னர் பல பதிப்புகள் வந்துவிட்டன. 2014-இல் ஐந்தாம் பதிப்பும், 2024-இல் அதன் திருத்திய வடிவமும் வெளியாயின. இன்று இந்திய நகரங்களிலும் இதை ஆடுவோர் உண்டு.

இந்த ஆட்டத்துக்குப் பலகை கட்டாயமில்லை; காயும் கட்டாயமில்லை. நான்கைந்து பேர் மேசையைச் சுற்றி அமர்வார்கள். ஒருவர் நடுவர். மற்றவர் ஒவ்வொருவரும் கதையில் ஒரு பாத்திரத்தை ஏற்பர். ஒருவர் போர்வீரர், ஒருவர் மந்திரவாதி, ஒருவர் சமயகுரு, ஒருவர் பூட்டும் பொறியும் அறிந்த திருடர் என்று வைத்துக்கொள்ளலாம். "நீங்கள் ஒரு பாழடைந்த கோட்டைக்குள் நிற்கிறீர்கள். எதிரே ஒரு கதவு" என்று நடுவர் சொல்வார். "கதவில் காதை வைத்துக் கேட்கிறேன்" என்று ஒருவர் சொல்வார். இப்படியே பேச்சில் கதை வளரும். செய்ய நினைத்தது நிறைவேறுமா என்ற ஐயம் எழும் இடத்தில் பகடையை உருட்டுவார்கள்.

நம் தாயத்தில் காயை எங்கே நகர்த்தலாம் என்பதைக் கட்டமும் விதியும் சொல்லிவிடுகின்றன. இங்கே எதை வேண்டுமானாலும் செய்து பார்க்கலாம். என்ன ஆயிற்று என்பதை நடுவர் சொல்வார். பகடைகளிலும் பல வகை. 4, 6, 8, 10, 12, 20 முகங்கள் கொண்ட பகடைகள் பயன்படுகின்றன. இவற்றுள் 10 முகப் பகடையைத் தவிர்த்த ஐந்தும், வடிவியலில் சீரான திண்மங்கள் என்று கூறப்படும் ஐந்து உருவங்களே என்பது கணிதப் பிரியர்களுக்கு மகிழ்ச்சி தரும் செய்தி.

காவல் எழுத்து என்னும் பொறி

இவ்வாட்டத்தின் மந்திரப் பொறிகளுள் புகழ்பெற்ற ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதைத் தமிழில் 'காவல் எழுத்து' எனலாம். 2014-ஆம் ஆண்டு விதிநூல் இதை எவ்வாறு அமைத்திருக்கிறது என்று பார்ப்போம்.

கதையில் வரும் மந்திரவாதி ஒருவர் ஒரு பேழையின் மூடியிலோ, நூலின் பக்கத்திலோ, தரையிலோ இந்த எழுத்தைப் பொறிக்கிறார். அதற்கு ஒரு மணி நேரம் ஆகும். 200 பொற்காசுகள் பெறுமான வைரப்பொடியும் நறும்புகையும் செலவாகும். எழுத்து ஏறக்குறையக் கண்ணுக்குத் தெரியாது. யாரேனும் அதன் நிபந்தனையை மீறினால் அது வெடிக்கும். 20 அடி ஆரமுள்ள கோளத்துக்குள் நிற்பவர் அனைவருக்கும் காயம் உண்டாகும். ஒருமுறை வெடித்தால் எழுத்து தீர்ந்துபோகும்.

இதில் சிறப்பானது நிபந்தனையே. எழுதுபவர் தாம் விரும்பியபடி அதை அமைக்கலாம். தொட்டால், மேலே நின்றால், மூடியைத் திறந்தால், இத்தனை அடி அருகே வந்தால், எழுத்தைப் படித்தால் என்று எதையும் விசையாக்கலாம். உயரம், எடை, இனம் ஆகியவற்றைக் கொண்டு ஆளைப் பிரிக்கலாம். ஒரு குறிச்சொல்லைச் சொன்னவரை விட்டுவிடு என்றும் கட்டளையிடலாம்.

எல்லா மந்திரப் பொறியும் காயப்படுத்துவதில்லை. 'மந்திர வாய்' என்று ஒன்று உண்டு. சிலையிலோ சுவரிலோ அது மறைந்திருக்கும். குறித்த ஒன்றைக் கண்டாலோ கேட்டாலோ வாய் தோன்றி, 25 சொற்களுக்கு மிகாத செய்தி ஒன்றைச் சொல்லும். 'எச்சரிக்கை மணி' என்று மற்றொன்று. காவலிட்ட இடத்தில் அயலார் நுழைந்தால் மணியோசை எழும். அல்லது மந்திரமிட்டவரின் மனத்துக்கு மட்டும் செய்தி போய்ச் சேரும். ஆகவே பொறியைக் கண்டதும் "இது எவ்வளவு காயம் செய்யும்?" என்று மட்டும் கேட்பது போதாது. "இது எதற்காக வைக்கப்பட்டது?" என்றும் கேட்க வேண்டும்.

பத்தடிக் கழியின் கதை

1974-ஆம் ஆண்டுப் பதிப்பின் பொருட்பட்டியலில் 10 அடி நீளமுள்ள மரக்கழி ஒன்று இடம்பெற்றிருந்தது. ஆடுவோர் அதை விரும்பி வாங்கினர். எதற்காக? காலை வைக்குமுன் தரையைத் தட்டிப் பார்ப்பதற்காக!

அக்காலத்து விதி எளிமையானது. பொறியுள்ள இடத்தை ஒருவர் கடக்கும்போது ஆறுமுகப் பகடையை உருட்ட வேண்டும். 1 அல்லது 2 விழுந்தால் பொறி இயங்கும். அதாவது மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பு. ஒருவர் தப்பும் வாய்ப்பு மூன்றில் இரண்டு. நால்வர் ஒருவர் பின் ஒருவராகக் கடந்தால் நால்வரும் தப்பும் வாய்ப்பு என்ன? மூன்றில் இரண்டை நான்கு முறை பெருக்கினால் 81-இல் 16. அதாவது நூற்றுக்கு ஏறத்தாழ 20 மட்டுமே. தனித்தனியே பார்த்தால் சிறிதாகத் தோன்றும் இடர், கூட்டமாகப் போகையில் எவ்வளவு பெரிதாகிறது பாருங்கள்!

கழியால் தட்டினால் எடைக்கு இயங்கும் குழிப்பொறி வெளிப்பட்டுவிடும். மந்திரப் பொறியோ கழிக்கு ஏமாறாது. உயிருள்ளவர் வந்தால் மட்டும் இயங்கு என்று எழுதியிருந்தால், நூறு முறை தட்டினாலும் அது வாளாவிருக்கும். கழி முடியும் இடத்தில் சிந்தனை தொடங்குகிறது.

கண்டுபிடிக்கும் வழிகள்

முதல் வழி, மந்திரத்தை மந்திரத்தால் அறிதல். மந்திரம் இருக்கும் இடத்தைக் காட்டித் தரும் மந்திரம் ஆட்டத்தில் உண்டு. இங்கே ஏதோ இருக்கிறது என்பதை அது சொல்லும். நிபந்தனை இன்னதென்று சொல்லாது. மந்திரத்தை நீக்கும் மந்திரமும் உண்டு. ஆனால் மந்திரவாதி ஒரு நாளைக்கு இத்தனை முறைதான் மந்திரமிடலாம் என்று கணக்கு இருக்கிறது. எல்லாவற்றையும் இதற்கே செலவிட்டால், ஆபத்து நேரத்தில் கை வறண்டுபோகும்.

இரண்டாம் வழி, பகடை. 1974-இல் திருடர் என்ற பாத்திரமே விதிநூலில் இல்லை. 1975-இல் வந்த துணைநூலில்தான் அது சேர்ந்தது. 1978-ஆம் ஆண்டு விதிநூலின்படி, முதல் நிலைத் திருடர் பொறியைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 20. 2014-ஆம் ஆண்டு விதிப்படி 20 முகப் பகடையை உருட்டி, வந்த எண்ணோடு தம் திறமைக்குரிய எண்ணைக் கூட்ட வேண்டும். காவல் எழுத்தைக் காண இலக்கு 15 என்றும், தேடுபவரின் திறமை 5 என்றும் கொள்வோம். அவர் 10 அல்லது அதற்கு மேல் உருட்ட வேண்டும். 10 முதல் 20 வரை 11 எண்கள். ஆகவே வாய்ப்பு 20-இல் 11, அதாவது நூற்றுக்கு 55.

மூன்றாம் வழி, கேள்வி. இதுவே ஆட்டத்தின் உயிர். ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம்.

இறந்துபோன மந்திரவாதி ஒருவரின் படிப்பறை. நடுவே கல்மேசை. அதன்மேல் ஒரு பித்தளைப் பேழை.

"கூரை எப்படி இருக்கிறது?" என்று ஒரு மாணவி கேட்கிறாள்.

"மேசைக்கு நேர்மேலே கரி படிந்திருக்கிறது" என்கிறார் நடுவர்.

"அப்படியானால் முன்பே ஒருமுறை வெடித்திருக்கிறது. ஒருமுறை வெடித்தால் எழுத்து தீர்ந்துவிடுமே! திறந்துவிடலாம்" என்கிறாள் அவள்.

"பொறு. வெடித்த பிறகு பேழையை மூடிவைத்தது யார்? சொந்தக்காரர்தான் திரும்பி வந்திருக்க வேண்டும். வந்தவர் புதிதாக எழுதாமலா விட்டிருப்பார்?" என்கிறாள் இன்னொருத்தி.

மூன்றாமவள் விதியை நினைவுபடுத்துகிறாள். காவல் எழுத்தைத் தாங்கிய பொருள், எழுதிய இடத்திலிருந்து 10 அடிக்கு மேல் நகர்த்தப்பட்டால், எழுத்து வெடிக்காமலே அழிந்துபோகும். "பேழையைத் திறக்காமல் அப்படியே வாசலுக்குத் தூக்கிச் சென்றால் என்ன?"

"பேழை மேசையோடு ஆணியடித்து இறுக்கப்பட்டிருக்கிறது" என்கிறார் நடுவர்.

உடனே எல்லாரும் புரிந்துகொள்கிறார்கள். அந்த ஆணிகளே சாட்சி! பேழை நகரக்கூடாது என்று அஞ்சியவர் ஆணியடித்திருக்கிறார். ஆகவே எழுத்து இன்னும் உயிரோடு இருக்கிறது. அப்படியானால் சொந்தக்காரர் மட்டும் எப்படித் திறந்தார்? ஏதேனும் குறிச்சொல் இருக்க வேண்டும். எதிர்ச்சுவரில் ஒரு சிறுமியின் படம் தொங்குகிறது; அதன் கீழே மகளின் பெயர் எழுதியிருக்கிறது. தேய்ந்த விரல் தடங்கள் அந்தச் சட்டத்தில் தெரிகின்றன. அந்தப் பெயரைச் சொல்லி மூடியைத் தூக்குகிறார்கள். பேழை அமைதியாகத் திறக்கிறது.

இங்கே ஒருமுறைகூடப் பகடை உருளவில்லை என்பதைக் கவனியுங்கள்.

பொறி வைத்தவரும் அவ்வழியே நடந்தாக வேண்டும். ஆகையால் ஒவ்வொரு காவலுக்குள்ளும் அதை வைத்தவருக்கென்று ஒரு வழி இருக்கும். அதைக் காண வேண்டுமானால் அவர் யார், எதற்கு அஞ்சினார், எதை நேசித்தார் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். ஆங்கில எழுத்தாளர் டோல்கீன் 1954-இல் வெளியிட்ட நெடுங்கதையில், மோரியா என்னும் சுரங்க நகரின் வாயிற்கதவு இத்தகையதே. திறக்கும் சொல் கதவின்மேலேயே எழுதப்பட்டிருந்தது. அறிஞரான கண்டால்ஃப் அதைப் பெரும் புதிராக எண்ணிக் குழம்பினார். கதவைச் செய்தவர்களோ நண்பர்களுக்காகச் செய்தனர். அதனால் எளிமையாகவே எழுதியிருந்தனர்.

நடுவரின் நேர்மை

இனி மேசையின் மறுபக்கத்தைப் பார்ப்போம். ஆடுபவர்களுக்கு எதுவும் தெரியாது; நடுவருக்கு எல்லாம் தெரியும். "கதவைத் தொட்டாய், செத்தாய்" என்று அவர் சொன்னால் மறுக்க ஆளில்லை. இந்த அதிகாரத்தை அவர் எப்படிப் பயன்படுத்துகிறார் என்பதில்தான் ஆட்டத்தின் நன்மையும் தீமையும் அடங்கியிருக்கிறது.

கைகாக்ஸ் 1975-ஆம் ஆண்டுப் போட்டி ஒன்றுக்காக ஒரு கல்லறைக் கதையை அமைத்தார். 1978-இல் அது நூலாக வெளிவந்தது. 'அச்சங்களின் கல்லறை' என்று அதன் பெயரைத் தமிழாக்கலாம். அதில் ஒரு சுவரில் பெரிய பச்சைநிறப் பேய்முகம் வாயைப் பிளந்து நிற்கும். வாய்க்குள் கரிய இருள். வழியென்று நினைத்து உள்ளே நுழைந்தவர் அந்தக் கணமே இல்லாமற் போவார். தப்பும் உருட்டல் எதுவும் கிடையாது. இது கொடுமை என்பார் பலர். தேர்ந்த ஆட்டக்காரருக்கு உரிய சோதனை என்பார் சிலர். ஒன்று மட்டும் சொல்லலாம்: அந்தக் கல்லறையின் நுழைவாயில் தரையிலேயே குறிப்புகள் பதிக்கப்பட்டிருந்தன. அவசரப்பட்டவர் மிதித்துக்கொண்டு போயினர்.

மகாபாரதத்தில் வரும் யட்சனின் பொய்கையை நாம் அறிவோம். என் கேள்விக்கு விடை சொல்லாமல் நீரைத் தொடாதே என்று குரல் எச்சரித்தது. தாகத்தால் தம்பியர் நால்வரும் அதைப் பொருட்படுத்தவில்லை, வீழ்ந்தனர். தருமர் நின்று கேட்டார், விடை சொன்னார், தம்பியரையும் மீட்டார். எச்சரிக்கை இருந்ததனால்தான் அது சோதனை ஆயிற்று. எச்சரிக்கை இல்லாதிருந்தால் அது வெறும் கொலையாக இருந்திருக்கும்.

நல்ல நடுவர் மூன்று கடமைகளை மறவார். முதலாவது, அடையாளம் வைத்தல். கூரையில் கரி, தரையில் சாம்பல், பறவையே கூடு கட்டாத மாடம் என்று ஏதேனும் ஒன்று கவனிப்பவர் கண்ணில் படவேண்டும். இரண்டாவது, சொன்ன நிபந்தனையை நடுவில் மாற்றாதிருத்தல். மாணவிகள் அறிவால் வென்றுவிட்டார்களே என்று பொறாமைப்பட்டு, "இல்லை, அது வேறுவகை எழுத்து" என்று சொல்பவர் நடுவர் அல்லர். மூன்றாவது, அளவறிதல்.

இந்த மூன்றாவதற்கு விதிநூலும் துணை செய்கிறது. ஐந்தாம் பதிப்பின் நடுவர் கையேடு பொறிகளைப் பின்னடைவு, ஆபத்து, சாவு என மூன்று தரமாக்குகிறது. முதல் நான்கு நிலைகளில் உள்ள புதியவர்களுக்கு, பின்னடைவென்றால் ஒரு பத்துமுகப் பகடையளவு காயம்; ஆபத்தென்றால் இரண்டு; சாவென்றால் நான்கு. நான்கு பத்துமுகப் பகடைகளின் சராசரி 22. காவல் எழுத்தின் வெடிப்போ ஐந்து எட்டுமுகப் பகடைகள், சராசரி 22½. முதல் நிலை மந்திரவாதிக்கு இருக்கும் உயிர்ப்புள்ளிகள் ஏழெட்டுத்தான். தப்பும் உருட்டலில் வென்று பாதிக் காயம் மட்டும் பெற்றாலும் அவர் வீழ்வார். ஆனால் ஐந்தாம் நிலையை அடைந்தவர்களுக்கு நான்கு பத்துமுகப் பகடை என்பது வெறும் 'ஆபத்து' என்ற தரத்துக்கு இறங்கிவிடுகிறது. அதே பொறி, ஆள்தான் வேறு. முதல் வகுப்புப் பிள்ளைக்குப் பத்தாம் வகுப்புக் கணக்கைக் கொடுத்துவிட்டு, தவறு செய்தாய் என்று தண்டிப்பது முறையாகுமா?

அஞ்சத்தக்கதா?

மந்திரம், பேய்முகம் என்றெல்லாம் கேட்டதும் பெற்றோரும் அருட்சகோதரிகளும் முகம் சுளிப்பது இயல்பே. 1980-களில் அமெரிக்காவிலும் இந்த ஆட்டம் பிள்ளைகளைத் தீய சக்திகளிடம் இழுத்துச் செல்கிறது என்ற அச்சம் பரவிற்று. 1983-இல் அதற்கென ஓர் எதிர்ப்புச் சங்கமே தோன்றியது. 1989-இல் வந்த இரண்டாம் பதிப்பில் பேய்களின் வழக்கமான பெயர்களை வெளியீட்டாளரே நீக்கினர். அந்த அச்சத்துக்குத் தக்க சான்று கிடைக்கவில்லை. காலப்போக்கில் அது தணிந்தது.

மாயவித்தைகளை நாடுவதைத் திருச்சபையின் மறைக்கல்வி தெளிவாகவே கண்டிக்கிறது. அதில் ஐயமில்லை. ஆனால் இந்த மேசையில் எவரும் மந்திரம் செய்வதில்லை. "காவல் எழுத்தைப் பொறிக்கிறேன்" என்று ஒருத்தி சொன்னால், தாளில் ஓர் எண் குறைகிறது, அவ்வளவே. கதையில் வரும் மந்திரத்துக்கும் உண்மையில் மந்திரத்தை நம்பி ஓடுவதற்கும் உள்ள வேறுபாட்டைப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருவது பெரியோர் கடமை. மற்ற எல்லா ஆட்டத்தையும் போல இதிலும் நேரக்கணக்கு வேண்டும்; யாரோடு ஆடுகிறோம் என்ற கவனம் வேண்டும்; நடுவர் நல்லவராக இருக்க வேண்டும். வீட்டில் தாயோ தந்தையோ ஒருநாள் உடனமர்ந்து ஆடிப் பார்த்தால் ஐயம் தெளியும்.

அன்பு மாணவியரே, நிபந்தனை வைத்த கதவுகள் கதையில் மட்டும் இல்லை. கைப்பேசியில் வரும் பரிசுச் செய்தியும், படிக்காமல் கையெழுத்திடச் சொல்லும் தாளும், "யாரிடமும் சொல்லாதே" என்று தொடங்கும் பேச்சும் விசை மறைந்த பேழைகளே. அவற்றின் முன் நிற்கும்போது கையை நீட்டுமுன் நான்கு கேள்விகள் கேளுங்கள். இதை வைத்தவர் யார்? எதற்காக வைத்தார்? எனக்கு முன் தொட்டவருக்கு என்ன ஆயிற்று? நான் தொட்டால் இவருக்கு என்ன பயன்? விடை தெரியாவிட்டால், தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். அப்படிக் கூப்பிடுவது கோழைத்தனமன்று.

ஒரு காலத்தில் நீங்களும் வகுப்பிலோ, வீட்டிலோ, அலுவலகத்திலோ நடுவர் இருக்கையில் அமர்வீர்கள். எல்லாம் தெரிந்தவராக, தெரியாதவர்கள் முன் அமர்வீர்கள். அன்று கூரையில் கொஞ்சம் கரியை விட்டுவையுங்கள்.